காலமை தங்கம், வெயில் ஏறக் கரி: சூடானதும் பெற்றோலைக் கூடக் குடிக்கும் காரைச் சோதிப்பது எப்படி

“காலமை எடுத்தால் ஒரு குறையும் இல்லை அண்ணை. மாங்குளம் தாண்டினாப் பிறகுதான் இழுவை குறையுது, பெற்றோல் மணக்குது, பின்னால கறுப்பாத் தள்ளுது. முறிகண்டியில நிப்பாட்டித் தேங்காய் உடைச்சிட்டு வந்து திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட் வராது.”

வன்னியூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியோரம் கராஜ் வைத்திருப்பவன் அடிக்கடி கேட்கும் கதை இது. சோளகம் அடித்து மண் கொதிக்கிற மாதங்களில் இன்னும் கூடுதலாகக் கேட்கும். புகைப் பரிசோதனையில் தவறிவிட்டு, தாளைக் கையில் பிடித்தபடி வருகிறவர்கள் வேறு. காரைப் பிள்ளையார் மறித்துவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. பிள்ளையாரை விட்டுவிடுவோம். நன்றாக ஓடிச் சூடேறிய இஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுப்பது எந்தக் காருக்கும் கடுமையான சோதனை. வன்னியில் அந்தச் சோதனையை எல்லோரும் ஒரே இடத்தில், வாகனங்களை நிறுத்தித் தேங்காய் உடைக்கும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில், வைத்து நடத்துகிறோம், அவ்வளவுதான்.

முதல் தடவையாகப் பழைய கார் வாங்கியவர்களுக்கும், கராஜில் வேலை பழகத் தொடங்கியிருக்கும் பெடியளுக்கும் இதை எழுதுகிறேன். பிளக் கழற்றும் சாவி, மல்ரிமீற்றர், குறடு, டோர்ச், பழந்துணி இருந்தால் போதும். காரின் கொம்பியூட்டர் சொல்வதை வாசித்துக் காட்டும், போனோடு புளூடூத்தில் சேரும் சின்ன ஸ்கானரும் இருந்தால் நல்லது. பெற்றோலோடு செய்யும் வேலை என்பதால் மூடிய கொட்டிலுக்குள் வேண்டாம், வெளியில் செய்யுங்கள். காய்ந்த புல்லுக்கு மேல் காரை நிறுத்தாதீர்கள். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் அங்கே எரிந்தால், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் தணல் மாதிரிச் சிவக்கும். ஆடி, ஆவணியில் வன்னிப் புல்லுக்கு அது போதும்.

சூட்டுக்கும் பெற்றோலுக்கும் என்ன கணக்கு?

தொண்ணூறுகளில் வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத காலம். மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோல், இஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய். குளிர்ந்த இஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாதது எரியாது. போத்தல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற சின்னப் பெடியனான எனக்கே அது அன்று விளங்கியிருந்தது.

பெற்றோலுக்கும் இதே கதைதான், கொஞ்சம் குறைவாக. குளிர்ந்த இஞ்சினில் ஊற்றுகிற பெற்றோலில் ஒரு பங்கு ஆவியாகாமல் சுவரிலே ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கூடுதலாக ஊற்ற வேண்டும். காபரேற்றரில் காற்றும் பெற்றோலும் கலக்கிற பழைய காரில் அதைச் சோக் என்ற தகடு செய்கிறது, இன்ஜெக்டரால் பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்ஷன் காரில் ஈசியூ எனப்படும் கொம்பியூட்டர் செய்கிறது. சூடேறியதும் அந்த மேலதிகத்தை நிறுத்தி, ஒரு கிலோ பெற்றோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்குக்கு வந்துவிட வேண்டும்.

அப்படி வராத காரில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான். இஞ்சின் சூடேறிய செய்தி கொம்பியூட்டருக்குப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்திருந்தால், அதற்குத் தெரியாமல் வேறெந்த வழியால் பெற்றோல் உள்ளே வருகிறது? முதலாவது ஏமாற்று, இரண்டாவது கள்ள வழி. எது என்று தெரியாமல் ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

உண்மையிலேயே பெற்றோல் கூடுதல்தானா?

பெற்றோல் மணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரு பிளக் அடிக்காவிட்டாலும் எரியாத பெற்றோல் அப்படியே வெளியே வந்து மணக்கும். புகையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் ஒயில். கலையாமல் நிற்கும் வெள்ளை என்றால் தண்ணீர். கறுப்பு என்றால் மட்டும் மேற்கொண்டு வாருங்கள்.

அடுத்தது பிளக். பத்துக் கிலோமீற்றராவது ஓடிவிட்டு வந்து, நின்ற இடத்தில் சும்மா ஐடிலில் ஓட விடாமல் உடனே நிறுத்துங்கள். ஆனால் உடனே கழற்ற வேண்டாம், கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறட்டும். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக் கழற்றினால் மரையும் சேர்ந்து வரும். பிறகு நான்கையும் கழற்றி, எந்தச் சிலிண்டருடையது என்று மாறாமல், ஒரு பேப்பரில் வரிசையாக வையுங்கள். நுனி மண்ணிறமாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் சுகம். லாம்புச் சிமினியில் பிடிக்கிற மாதிரி, விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும் உலர்ந்த கரி இருந்தால் பெற்றோல் கூடுதல். பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஒயில், அது வேறு வைத்தியம்.

நாலும் ஒரே மாதிரிக் கறுப்பென்றால் குற்றவாளி எல்லோருக்கும் பொதுவானவர். ஒன்று மட்டும் கறுத்து நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரையோ பிளக்கையோ அதற்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலையோ பாருங்கள், மிச்சத்தை வாசிக்கவே தேவையில்லை.

காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியவை

காற்று பில்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கிரவல் வீதியில் ஓடுகிற காரில் அது செங்கல் நிறத்தில் இருக்கும். காபரேற்றர் காரில் அடைத்த பில்டர் நேரடியாகப் பெற்றோலைக் கூட்டிவிடும். இன்ஜெக்ஷன் கார் வருகிற காற்றை அளந்துதான் பெற்றோல் ஊற்றுகிறது என்பதால், பில்டரால் வரும் கறுப்புப் புகை அதில் குறைவு. எப்படியும் மாற்றிவிடுங்கள்.

ஒயில் குச்சியை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணம் அடித்தால், அல்லது ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால், பெற்றோல் ஒயிலுக்குள் இறங்கியிருக்கிறது. இஞ்சின் சூடேறியதும் அது ஆவியாகி, மூச்சுக்குழாய் வழியாகத் திரும்ப இஞ்சினுக்குள் போகும். காலையில் நல்ல பிள்ளையாகவும் சூட்டில் பேயாகவும் இருக்கிற கார்களில் சில வெறும் ஒயில் மாற்றத்தோடு அரைவாசி சுகமாகிவிடும். அரைவாசிதான், ஏனென்றால் அந்தப் பெற்றோலை உள்ளே விட்டவர் இன்னும் பிடிபடவில்லை.

அடுத்தது, நம்முடைய ஆட்கள் கேட்டால் கோபப்படுகிற விசயம். ரேடியேற்றர்க் குழாய் தொடங்கும் இடத்தில் தெர்மோஸ்டாட் என்றொரு வால்வு இருக்கிறது. தண்ணீர் 80 பாகை தாண்டும்வரை ரேடியேற்றர்ப் பக்கம் விடாமல் மறிக்கும். “எங்கட வெக்கைக்கு உது தேவையில்லை தம்பி” என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிற கார்கள் எத்தனையோ. வெளியே 35 பாகை வெயில் அடித்தாலும், வால்வு இல்லாத இஞ்சின் ஏ9இல் காற்று வாங்கிக்கொண்டு ஓடும்போது வேண்டிய சூட்டுக்கு வராமலே போகலாம். ஓட்டுகிறவருக்கு வியர்த்து ஊத்துகிறது, கொம்பியூட்டரோ “இன்னும் விடியவில்லை” என்று நினைத்துப் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி மேல் ரேடியேற்றர்க் குழாயில் கை வைத்துப் பாருங்கள், விசிறிக்கு விரலைக் கொடுக்காமல். சில நிமிடம் குளிராகவே இருந்து பிறகு திடீரென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது.

சூடு சொல்லும் சென்சர்

டாஷ்போர்டில் ஊசி நடுவில் நிற்கிறது, ஆகவே சென்சர் சரி என்று சொல்லாதீர்கள். பல யப்பான் கார்களில் ஊசிக்கு ஒரு சென்சர், கொம்பியூட்டருக்கு இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டு வயர் போகிற மற்றதுதான். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். டொயோட்டா போன்ற பெரும்பாலான யப்பான் கார்களில் 20 பாகையில் 2,000 முதல் 3,000 ஓம் வரை, 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரை. நம்முடைய காலை வேளையில், இராமுழுக்க நின்ற காரில், ஏறத்தாழ 1,500க்கும் 2,000க்கும் நடுவில் காட்டும். அளந்து எழுதி வையுங்கள். ஓடிவிட்டு வந்து திரும்ப அளவுங்கள்.

ஸ்கானர் இருந்தால் இன்னும் இலேசு. காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் திறப்பை மட்டும் போட்டுத் தண்ணீர்ச் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இராமுழுக்க நின்ற காரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக, வெளிச் சூட்டுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று 29, மற்றது 12 என்றால் 12 சொல்கிறவர் பொய் சொல்கிறார். வன்னியில் எப்போது 12 பாகை வந்தது?

இந்த இடத்தில் ஒரு காரின் கதையைச் சொல்ல வேண்டும். விசுவமடுப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் 110 கொரொல்லா கொண்டுவந்தார். சூடானதும் லீற்றருக்கு ஏழு கிலோமீற்றர்தான், புகை கறுப்பு. என்னிடம் வருவதற்கு முன் வேறொரு கராஜில் மூன்று தரம் பிளக், ஒரு தரம் புகையில் மிஞ்சிய ஒக்சிஜனைப் பார்த்துக் கொம்பியூட்டருக்குச் சொல்லும் ஒக்சிஜன் சென்சர், கடைசியில் இந்தச் சூட்டு சென்சரும் மாற்றியாயிற்று. நான் சென்சரைச் சூட்டோடு அளந்தேன், 310 ஓம். கச்சிதம். அதை நம்பி நானும் ஒரு பின்னேரத்தை வீணாக்கினேன்.

“தம்பி, சென்சர் சரியாச் சொல்லுது எண்டுறியள். அது சொல்லுறது மற்றப் பக்கத்துக்குக் கேக்குதோ?” என்று கதிரையில் இருந்தபடி அதிபர்தான் கேட்டார்.

பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, சென்சரை அதன் வயர்ப் பிளக்கோடு பூட்டி, கொம்பியூட்டர்ப் பக்கத்துச் சொக்கற்றில் அளந்தேன். 1,100 ஓமுக்கு மேலே. வழியில் ஏறத்தாழ 800 ஓம் எங்கேயோ கூடியிருக்கிறது. வயரைத் தடவிக்கொண்டு போனால், பற்றரித் தட்டுக்குக் கீழே கறுத்த ரேப் சுற்றிய ஒரு வீக்கம். அணில் கடித்த வயரை யாரோ முறுக்கி ரேப் சுற்றியிருக்கிறார்கள். பிரித்தால் செம்பு முழுவதும் பச்சைக் களிம்பு, விரலில் மாவாகக் கொட்டியது.

இப்போது கணக்கைப் பாருங்கள். காலையில் சென்சர் 1,800 ஓம். அதோடு 800 சேர்ந்தால் 2,600. கொம்பியூட்டருக்கு இது 30 பாகைக்குப் பதில் இருபதை ஒட்டிய ஒரு எண், பெரிய வித்தியாசமில்லை. சூட்டில் 310. அதோடு 800 சேர்ந்தால் 1,110. அது ஏறத்தாழ 40 பாகைக்குரிய எண். 80 தாண்டிய இஞ்சினை 40 என்று நினைத்துப் பெற்றோல் ஊற்றினால் கரி பிடிக்காமல் என்ன செய்யும்? அதே பழுது, காலையில் ஒளிந்து வெயிலில் வெளியே வருகிறது. சென்சர் அறுந்தோ சோர்ட்டாகியோ இருந்தால் செக் லைட் எரிந்திருக்கும். நம்பக்கூடிய ஒரு பொய்யைச் சொன்னதால் லைட்டும் எரியவில்லை. வெட்டி, ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டுவிட்டேன். செலவு ஒரு பிளக்கின் விலை வராது.

ஆகவே ஸ்கானர் இல்லாதவர்கள் சென்சரில் மட்டுமல்ல, வயரின் மறு முனையிலும் அளக்க வேண்டும். ஸ்கானரில் தெரிவது கொம்பியூட்டர் காதில் விழுந்த எண், மீற்றரில் தெரிவது சென்சரின் வாயிலிருந்து வந்த எண்.

ஏமாற்றா, கள்ள வழியா?

சூட்டுச் செய்தி சரியாகப் போகிறது என்றால் அடுத்ததாக ஸ்கானரில் ‘பியூவல் ட்ரிம்’ பாருங்கள். பெற்றோலைக் கூட்டவோ குறைக்கவோ கொம்பியூட்டர் எவ்வளவு பாடுபடுகிறது என்று நூற்று வீதத்தில் சொல்லும் எண் அது. குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு வரும், இரண்டையும் கூட்டுங்கள். இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு கூட்டுத்தொகை பத்துக்குள், சகமோ (+) சயமோ (−), என்றால் வழமை.

சயம் இருபது, இருபத்தைந்து என்று நின்றால், பெற்றோல் கூடுதல் என்று கொம்பியூட்டருக்குத் தெரிகிறது, குறைத்துக் குறைத்துப் பார்க்கிறது, முடியவில்லை. இது பெரும்பாலும் கள்ள வழி. சகம் இருபது, ஆனால் பிளக் கரி என்றால் கொம்பியூட்டரே ஊற்றிக்கொண்டிருக்கிறது, பெற்றோல் போதாதென்று யாரோ அதை நம்பவைத்துவிட்டார்கள். இது ஏமாற்று. சூடேறிய பிறகும் ‘ஓப்பன் லூப்’ என்றே காட்டினால் கொம்பியூட்டர் இன்னும் ஒக்சிஜன் சென்சரைக் கேட்கவே தொடங்கவில்லை. தெர்மோஸ்டாட்டுக்கும் சூட்டு சென்சருக்கும் திரும்பிப் போங்கள்.

கள்ள வழி என்றால் முதலில் பெற்றோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர். இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் ரெயில் என்ற குழாயின் முனையில் சின்ன உருண்டையாக இருக்கும், அதிலிருந்து இஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியான இன்ரேக்குக்கு ஒரு மெல்லிய றப்பர்க் குழாய் போகும். இஞ்சின் ஓடும்போதே அந்தக் குழாயை இழுத்துப் பாருங்கள். உள்ளே ஈரமோ பெற்றோல் மணமோ இருந்தால் ரெகுலேற்றரின் தோல் கிழிந்துவிட்டது. முப்பது செக்கன் வேலை. புதிய கார்களில் ரெகுலேற்றர் டாங்குக்குள் இருக்கும், அவற்றுக்கு இந்த வழி இல்லை.

அடுத்தது கரிப்பெட்டி. டாங்கில் எழும் பெற்றோல் ஆவியைப் பிடித்து வைத்து, இஞ்சின் சூடேறிய பிறகு மட்டும் ஒரு வால்வு வழியாக உள்ளே விடுகிற பெட்டி. சூட்டில் மட்டும் வருகிற பழுதுக்கு இதைவிடப் பொருத்தமான சந்தேகநபர் இல்லை. 2022 இல் வரிசையில் நின்று, பிறகு கியூஆர் காட்டிப் பெற்றோல் எடுத்த நாளிலிருந்து நம்மில் பலருக்குப் பம்ப் தானாக நின்ற பிறகும் டாங்க் வாய் வரை தளும்பத் தளும்ப நிரப்பும் பழக்கம் வந்துவிட்டது. கூடுதலாக ஊற்றியது கரிப்பெட்டிக்குள் போய்க் கரியை நனைக்கும். சூட்டோடு ஐடிலில் விட்டு, பெட்டியிலிருந்து இன்ரேக்குக்குப் போகும் குழாயைத் துணி சுற்றிய குறட்டால் நசித்துப் பிடியுங்கள். ஓட்டம் சீரானால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

ஒழுகும் இன்ஜெக்டர் முறிகண்டியில்தான் தன்னைக் காட்டும். நிறுத்திய பிறகு ரெயிலில் மிஞ்சிய அழுத்தத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கி இன்ரேக்கை நனைக்கும். பிறகு ஸ்டார்ட் எடுக்க நேரம் எடுக்கும், எடுத்ததும் ஒரு கறுப்புப் புகைக் குண்டு. அந்த நேரம் அக்சிலேற்றரை அடித்து அடித்துப் பம்ப் பண்ணாதீர்கள். அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் அப்படி மிதித்தால் கொம்பியூட்டர் பெற்றோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும், ஊறியது வெளியேறும்.

ஏமாற்று என்றால் ஒக்சிஜன் சென்சரில் தொடங்கலாம், மாற்றுவதில் அல்ல. சென்சருக்கு முன்னால் சைலன்சர்க் குழாயிலோ, இஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து அதற்குள் விடும் மனிபோல்டிலோ வெடிப்பு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சர் அந்தக் காற்றைப் பார்த்துப் பெற்றோல் போதாது என்று சொல்லும், பொய் அதனுடையதல்ல. பின் குழாயைத் தடித்த துணியால் ஒரு நொடி அடைத்துப் பிடித்தால் முன்பக்கம் ‘டிக் டிக்’ என்று ஓட்டை கதைக்கும், சுற்றிலும் கரி படிந்திருக்கும். ஓட்டை இல்லையென்றால் சென்சரின் சைகை வயரில் மீற்றரை வையுங்கள். சூடான இஞ்சினில் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். புகை கறுப்பாகவும் மீற்றர் கீழேயே படுத்தும் கிடந்தால் சென்சர் செத்துவிட்டது.

காற்றை அழுத்தத்தால் அளக்கும் கார்களில், 5ஏ இஞ்சின் கொரொல்லா மாதிரி, இன்ரேக்கிலிருந்து அழுத்த சென்சருக்குப் போகும் சின்ன றப்பர்க் குழாயையும், ட்ரிம் சயமாக நின்றாலும், பாருங்கள். குளிரில் இறுகி நிற்கும் பழைய றப்பர், சூட்டில் இளகி வாயைத் திறக்கும். திறந்தால் சென்சர் “காற்று நிறைய வருகிறது” என்று சொல்லும், பெற்றோலும் நிறைய வரும். அரையங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பச் செருகினால் சில வேளை போதும்.

காபரேற்றர் கார்கள்

பழைய மாருதி 800, பழைய நிசான் சனி வைத்திருப்பவர்களுக்கு வேலை சுருக்கம். சூட்டோடு காற்று பில்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள். சோக் தகடு நெட்டுக்குத்தாகத் திறந்து நிற்க வேண்டும், சரிந்து நின்றால் கேபிளோ ஓட்டோ சோக்கோ இறுகியிருக்கிறது. தகடு சரியென்றால், இஞ்சினை நிறுத்திவிட்டு டோர்ச் அடித்துத் துவாரத்துக்குள் பாருங்கள். பெற்றோல் துளித்துளியாக விழுந்தால் ஒன்றில் மிதவை மட்டம் கூட, அல்லது ஊசி வால்வு தேய்ந்துவிட்டது, இல்லையென்றால் இஞ்சின் சூட்டில் கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து வழிகிறது. கடைசிக் காரணத்துக்குக் காபரேற்றருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த காஸ்கற்றைத் தேடுங்கள். மெல்லிய கடதாசிக் காஸ்கற் ஒன்றை யாராவது வெட்டிப் போட்டிருப்பார்கள்.

பழுது பிடிபட்ட பிறகு

ஒயிலை மாற்றுங்கள், பெற்றோல் கலந்த ஒயிலில் பெயாரிங் நீண்ட நாள் இருக்காது. பிளக்கைத் துடைத்துப் போடுங்கள், எல்லாவற்றுக்கும் புதுசு தேவையில்லை. பற்றரியின் சய வயரைப் பத்து நிமிடம் கழற்றி வைத்தால் பல கார்களில் கொம்பியூட்டர் பழைய கணக்கை மறந்து புதிதாகப் பழகத் தொடங்கும், ரேடியோவின் நினைவும் போகும். ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தவர்கள் கூலன்டுக்கு மாறுங்கள். கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு அங்கேயும் படிகிறது.

பிறகு காரை எடுத்துக்கொண்டு ஏ9இல் ஏறி, ஊசி நடுவுக்கு வந்த பிறகும் இருபது கிலோமீற்றர் ஓடுங்கள். முறிகண்டியில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கதைத்துக்கொண்டு கால் மணித்தியாலம் நில்லுங்கள். பிறகு அக்சிலேற்றரில் கால் வைக்காமல் திறப்பைத் திருப்புங்கள். பின்னால் நிற்கிறவரைப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.